மனத்தின் நோவையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்

காய்ச்சல் கண்டால் மருத்துவரிடம் செல்கிறோம். பால் வெட்டும் கத்தி கையில் பட்டால் உடனே டிரஸரிடம் ஓடுகிறோம். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் விடியும்வரை கூடப் பொறுப்பதில்லை. ஆனால் மனம் நொந்து, உறக்கம் கெட்டு, உணவில் விருப்பமற்று, வாழ்வே பாரமாகத் தோன்றும்போது மட்டும் நாம் யாரிடமும் வாய் திறப்பதில்லை. “எல்லாம் தலைவிதி” என்று அடக்கிக் கொள்கிறோம். அப்படி அடக்கிய நோவு அடங்கி விடுவதில்லை. அது உள்ளேயே வளர்கின்றது.

மனச்சோர்வு என்பது ஒரு நோய். அதற்கு மருத்துவம் உண்டு. ஆனால் அந்நோயை இரத்தத்தைச் சோதித்தோ, நிழற்படம் எடுத்தோ மட்டும் கண்டுகொள்ள இயலாது. நோயாளி தம் வாயால் சொல்ல வேண்டும். சொன்னால்தான் மருத்துவருக்குத் தெரியும். எதைச் சொல்வது, எப்படிச் சொல்வது, சொன்னபின் என்ன நடக்கும் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே நோயாளி, இரண்டு உரையாடல்கள்

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பார்ப்போம். இருபது ஆண்டுகளாகப் பால் வெட்டி வரும் ஒரு பெண்மணி சுகாதார நிலையத்திற்கு வருகிறார். அவருடைய கணவர் இவ்வாண்டு வேலை ஓய்வு பெறுகிறார். தோட்டத்து வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாள் நெருங்குகிறது. போக வேறு இடம் இன்னும் அமையவில்லை. இவ்வளவையும் மனத்தில் சுமந்து கொண்டு அவர் மருத்துவர் முன் அமர்கிறார்.

“உடம்புக்கு என்னம்மா?”

“தலைவலி டாக்டர். கைகால் எல்லாம் ஒரே அசதி.”

“எத்தனை நாளாக?”

“கொஞ்ச நாளாக இருக்கிறது டாக்டர்.”

வெளியே இன்னும் பலர் காத்திருக்கிறார்கள். மருத்துவர் இரத்த அழுத்தம் பார்க்கிறார். வலிக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கிறார். அம்மையார் வீடு திரும்புகிறார். ஒரு வாரம் கழிந்ததும் அதே தலைவலியோடு மறுபடியும் வருகிறார். மருத்துவர்மீது குற்றம் இல்லை. அவரிடம் சொல்லப்பட்டது தலைவலி ஒன்றே.

இப்பொழுது அதே அம்மையார் வேறு விதமாகப் பேசுவதாக வைத்துக் கொள்வோம்.

“டாக்டர், தலைவலி மட்டும் இல்லை. மனமும் சரியாக இல்லை. ஒரு மாதமாக உறக்கம் இல்லை. இரவு ஒரு மணிக்கு விழித்துக் கொண்டால் பிறகு கண் மூடுவதில்லை. சாப்பாடு பிடிக்கவில்லை. நிரையில் நிற்கும்போதே அழுகை வருகிறது. போன வாரம் மூன்று மரங்களில் கத்தி ஆழமாக இறங்கி விட்டது. இருபது வருடத்தில் எனக்கு இப்படி ஆனதில்லை.”

“சொன்னது நல்லதாயிற்று அம்மா. இன்னும் சில கேள்விகள் கேட்கிறேன். நிதானமாகப் பதில் சொல்லுங்கள்.”

இந்த இரண்டாம் உரையாடல் நடக்க ஒரு நிமிடத்திற்கு மேல் ஆகியிராது. ஆனால் அந்த ஒரு நிமிடத்தில்தான் சிகிச்சை தொடங்குகிறது. பட்டையை மேலாகச் சுரண்டினால் பால் வராது என்பது நமக்குத் தெரிந்த தொழில் நுணுக்கம். மருத்துவரிடம் பேசுவதும் அத்தகையதே.

மனச்சோர்வின் அறிகுறிகள்

துன்பம் வரும்போது வருந்துவது மனித இயல்பு. உறவினர் ஒருவர் மறைந்தால் அழுகிறோம். இலையுதிர் காலத்தில் பால் குறைந்து, சம்பளமும் குறைந்தால் கவலைப்படுகிறோம். தொடர்ந்து மழை பெய்து வெட்டு நின்றுவிட்டால் கடைக்கணக்கை எண்ணித் தவிக்கிறோம். இவையெல்லாம் நோய் அல்ல. நாள்கள் செல்லச் செல்ல இத்துயரம் தணிகின்றது. இடையிடையே சிரிக்கவும் முடிகின்றது.

ஆனால் மனத்தின் வாட்டம் பெரும்பாலான நேரம், ஏறக்குறைய ஒவ்வொரு நாளும், இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்தால், அதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். முன்பு விரும்பிச் செய்த காரியங்களில் விருப்பம் அற்றுப் போவதும் முக்கியமான அறிகுறியாகும். கோயில் திருவிழாவில் முன்னின்று உழைத்தவர் வீட்டுக்குள்ளேயே முடங்குகிறார். பந்து விளையாட்டு என்றால் உணவையும் மறக்கும் இளைஞர் திடலின் பக்கமே போவதில்லை. இவற்றோடு உறக்கக் குறைவு அல்லது மிகுந்த உறக்கம், பசியின்மை, உடல் மெலிவு, காரணமற்ற களைப்பு, வேலையில் கவனம் சிதறுதல், தம்மைத் தாமே பழித்துக் கொள்ளுதல், வாழ்ந்து என்ன பயன் என்னும் எண்ணம் ஆகியவையும் சேரக்கூடும்.

பால் மரம் வெட்டுவோர் உறக்கத்தைப் பற்றித் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். வைகறைக் குளிர்ச்சியில் பால் நன்கு வடியும் என்பதால் நாம் இருள் பிரியுமுன்னே எழுந்து பழகியவர்கள். ஆகவே நேரங்கெட்ட நேரத்தில் விழிப்பு ஏற்படுவதை நோயின் குறியாக எண்ணுவதில்லை. “முன்பு கடிகாரம் அடித்தபின் எழுந்தேன், இப்பொழுது அதற்கு மூன்று மணி நேரம் முன்பே விழித்துக் கொண்டு படுக்கையில் புரளுகிறேன்” என்று வேறுபாட்டைச் சொன்னால்தான் மருத்துவருக்கு விளங்கும்.

நம்மில் பலருக்கு மனநோவு உடல்நோவாகவே வெளிப்படுகின்றது. தலைவலி, மார்படைப்பு, வயிற்றெரிச்சல், உடல் எரிச்சல் என்று அது உருமாறி வரும். இவ்வலிகள் பொய்யல்ல, நடிப்பும் அல்ல. எனினும் அவற்றின் வேர் வேறிடத்தில் இருக்கலாம்.

இது ஓரிருவருக்கு மட்டும் வரும் நோய் அன்று. நாட்டின் சுகாதார ஆய்வின்படி 2019-ஆம் ஆண்டில் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023-ஆம் ஆண்டில் அது 4.6 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது ஏறக்குறைய பத்து இலட்சம் பேர். அவர்களுள் எல்லா இனத்தவரும், எல்லாத் தொழிலினரும் உண்டு.

வாயை அடைக்கும் அச்சங்கள்

“என்னைப் பைத்தியம் என்று சொல்லி விடுவார்களே” என்பது முதல் அச்சம். பேராக் மாநிலத்தின் தஞ்சோங் ரம்புத்தானில் 1911-ஆம் ஆண்டில் மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. அது முதல் அவ்வூரின் பெயரே நம் மக்களிடையே கேலிச் சொல்லாகி விட்டது. பிள்ளைகள் கூட ஒருவரையொருவர் அப்பெயரைச் சொல்லி ஏசுகிறார்கள். அந்தக் கேலியே இன்றும் பலரின் வாயைக் கட்டிப் போடுகின்றது. உண்மை என்னவெனில், மனச்சோர்வு கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் இருந்தபடியே, வெளிநோயாளிகளாகவே சிகிச்சை பெறுகின்றனர். ஒருவருடைய விருப்பமின்றி அவரை மருத்துவமனையில் சேர்ப்பதற்கு 2001-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நிபந்தனைகளை விதித்துள்ளது. “உறக்கம் வரவில்லை, அழுகை வருகிறது” என்று சொன்னதற்காக எவரும் அடைத்து வைக்கப்படுவதில்லை.

“மண்டோருக்கும் கிராணிக்கும் தெரிந்து விடுமே” என்பது இரண்டாவது அச்சம். நோயாளி கூறியதை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை. உயிருக்கு ஆபத்து நேரும் என்னும் நிலை போன்ற சில வேளைகளில் மட்டுமே அதற்கு விலக்கு உண்டு. தோட்டத்திற்குள் பேச விருப்பமில்லாதவர்கள் நேராக அருகிலுள்ள அரசாங்கச் சுகாதார நிலையத்திற்குச் செல்லலாம்.

“சம்பளம் போய்விடுமே” என்பது மூன்றாவது. தீபகற்ப மலேசியாவில் நடைமுறையில் உள்ள 1955-ஆம் ஆண்டு வேலை வாய்ப்புச் சட்டம் சம்பளத்துடன் கூடிய நோய் விடுப்பை வழங்குகிறது. இரண்டாண்டுக்குக் குறைந்த சேவை உடையவருக்கு ஆண்டில் 14 நாள். இரண்டு முதல் ஐந்தாண்டு வரை 18 நாள். ஐந்தாண்டும் அதற்கு மேலும் 22 நாள். மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. மருத்துவர் சான்றிதழ் தர வேண்டும். விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் முதலாளிக்குத் தெரிவிக்கவும் வேண்டும். இச்சட்டம் நோய் என்றுதான் கூறுகிறது. உடல்நோய்க்கு ஒன்று, மனநோய்க்கு ஒன்று என்று பிரிக்கவில்லை.

செலவைப் பற்றியும் கவலை வேண்டியதில்லை. அரசாங்கச் சுகாதார நிலையத்தில் வெளிநோயாளியாகச் செல்லும் குடிமக்கள் செலுத்தும் கட்டணம் 1 வெள்ளிதான்.

நான்காவதாக, செய்வினை, காற்றுக் கருப்பு என்று எண்ணிப் பூசாரியிடம் மட்டும் சென்று காலங்கடத்துவோரும் உளர். தெய்வ நம்பிக்கை மனத்திற்கு ஆறுதல் அளிக்கும். அதனை விடும்படி எந்த மருத்துவரும் சொல்லமாட்டார். திருநீறு பூசிக் கொள்ளுங்கள், மருத்துவரிடமும் செல்லுங்கள். ஒன்று மற்றொன்றுக்குத் தடையாகாது.

எவ்வாறு சொல்வது?

மருத்துவரிடம் இருக்கும் நேரம் குறைவு. ஆகவே போகுமுன் ஐந்து செய்திகளை நினைவில் நிறுத்திக் கொள்ளுங்கள். ஒரு தாளில் குறித்து எடுத்துச் செல்வது இன்னும் நன்று.

1. என்ன மாற்றம்? உறக்கம், பசி, அழுகை, கோபம், பயம் ஆகியவற்றுள் எது முன்பு போல் இல்லை என்பது.

2. எப்பொழுது தொடங்கியது? “கொஞ்ச நாளாக” என்பதை விட “தைப்பூசத்திற்குப் பிறகு” என்பது பயனுடையது.

3. அதனால் எது தடைப்பட்டது? வேலைக்குப் போகாத நாள்கள், வெட்டில் ஏற்பட்ட பிழை, சமைக்காத நாள் முதலியன.

4. வேறு என்ன உட்கொள்கிறீர்கள்? நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகள், நாட்டு மருந்து, மது ஆகிய எதையும் மறைக்க வேண்டாம்.

5. உயிரை விட்டு விடலாம் என்னும் எண்ணம் வந்ததுண்டா? வந்திருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும்.

இவற்றைத் தொடக்கத்திலேயே கூறுங்கள். தலைவலியைப் பற்றிப் பேசி முடித்து, மருந்துச் சீட்டும் பெற்று, கதவருகே நின்று கொண்டு “இன்னொன்று டாக்டர்” என்று இழுப்பது பலரின் வழக்கம். அந்த இன்னொன்றே முதலாவதாக இருக்கட்டும்.

மருத்துவர் தமிழ் அறியாதவராக இருக்கலாம். அதற்காகத் தயங்க வேண்டாம். நாம் அன்றாடம் பேசும் மலாய்ச் சொற்களே போதுமானவை. மனத்துயரத்திற்கு ‘சூசா ஹாத்தி’; உறக்கம் இல்லை என்பதற்கு ‘தாக் போலே தீடோர்’; எதிலும் ஊக்கம் இல்லை என்பதற்கு ‘தாக் ஆடா செமாங்காட்’; மூன்று வாரமாகிறது என்பதற்கு ‘சூடா தீகா மிங்கு’. இவ்வளவு சொன்னாலும் மருத்துவர் மேற்கொண்டு கேட்டு அறிந்து கொள்வார்.

பள்ளி செல்லும் பிள்ளையை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். தாய் தன் மகளின் வாய்வழியாகத் தன் துயரத்தைச் சொல்ல நேர்ந்தால், பாதியை மறைத்து விடுவாள். கேட்ட மீதிப் பாதியை அந்தக் குழந்தை தன் நெஞ்சில் சுமந்து வீடு திரும்பும். நம்பிக்கையான உறவினரையோ தோழியையோ அழைத்துச் செல்லுங்கள். அல்லது தமிழ் தெரிந்த தாதி யாரேனும் உளரா என்று கேளுங்கள்.

மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் உடலைச் சோதிப்பார். இரத்தசோகை, தைராய்டுச் சுரப்பியின் குறைபாடு, நீரிழிவு போன்றவையும் களைப்பையும் வாட்டத்தையும் உண்டாக்கும். ஆகவே இரத்தப் பரிசோதனை செய்யக்கூடும். பிறகு ஒன்பது கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தைக் கொடுக்கலாம் அல்லது வாசித்துக் காட்டலாம். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இப்படி இருந்தது என்று அது கேட்கும். இது தேர்வு அல்ல. இதில் சரியான விடை, தவறான விடை என்று எதுவும் இல்லை.

நோய் இலேசானதாக இருந்தால் பேச்சு வழி ஆலோசனையே போதுமானதாகலாம். சற்றுக் கடுமையாயின் மருந்தும் கொடுக்கப்படும். தேவைப்பட்டால் மருத்துவமனையின் மனநல நிபுணரிடமோ, 2015-ஆம் ஆண்டு முதல் சுகாதார அமைச்சு அமைத்து வரும் ‘மெந்தாரி’ சமூக மனநல நிலையத்திடமோ அனுப்பி வைப்பார்கள்.

மனச்சோர்வு மருந்தைப் பற்றி மூன்று செய்திகளை அறிந்து கொள்ள வேண்டும். முதலாவது, அது தலைவலி மாத்திரை போல அரைமணி நேரத்தில் வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சில வேளைகளில் அதற்கும் மேல் ஆகலாம். மூன்று நாள் உட்கொண்டு, “இது பயனில்லை” என்று வீசி விடுவது தவறு. இரண்டாவது, அது மதுவைப் போல ஆசையைத் தூண்டி அடிமைப்படுத்தும் பொருள் அன்று. மூன்றாவது, குணம் தெரிந்தவுடன் தாமாகவே நிறுத்தி விடக் கூடாது. பொதுவாகக் குணமடைந்த பின்னும் பல மாதங்கள் தொடர வேண்டியிருக்கும். நிறுத்தும்போது மருத்துவர் சொற்படி சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். தொடக்கத்தில் குமட்டல், பதற்றம் முதலியன தோன்றினால், அல்லது நிலைமை மேலும் மோசமானால், உடனே திரும்பச் சென்று சொல்லுங்கள்.

சம்சு குடித்தால் கவலை மறையும் என்று எண்ணுவோருக்கு ஒரு சொல். மது முதலில் மயக்கத்தைத் தரும். பிறகு உறக்கத்தைக் கெடுக்கும். மறுநாள் மனவாட்டத்தை இரட்டிப்பாக்கும். சம்பளத்தையும் குடும்ப அமைதியையும் கரைத்து விடும். மருந்தோடு மதுவைச் சேர்ப்பது ஆபத்தானது.

குடும்பத்தாரின் கடமை

மனச்சோர்வு உள்ளவரைப் பார்த்து “சோம்பேறி”, “நடிக்கிறான்” என்று ஏசுவதால் நோய் தீராது. “நீ முன்போல் இல்லையே, என்ன சங்கடம்?” என்று தனியாக அழைத்துக் கேளுங்கள். இடைமறிக்காமல் கேளுங்கள். மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். பிள்ளை பெற்ற பெண் வாரக்கணக்கில் அழுது கொண்டிருந்தால், “எல்லோருக்கும் இப்படித்தான்” என்று விட்டு விடாமல், குழந்தைக்கு ஊசி போடச் செல்லும் நாளிலேயே தாதியிடம் கூறுங்கள்.

ஒருவர் “நான் இல்லாவிட்டால் உங்களுக்கு நிம்மதி” என்பது போலப் பேசினால் அதை வெற்றுப் பேச்சாக எண்ணாதீர்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அவ்வெண்ணம் தூண்டப்படுவதில்லை. மாறாக, மனத்திலிருப்பதை இறக்கி வைக்க அது வழி செய்கின்றது. அவரைத் தனியே விடாதீர்கள். களைக்கொல்லி முதலிய நச்சுப் பொருள்கள் தோட்டத்துக் கிடங்கில் பூட்டப்பட்டிருக்க வேண்டும். அவற்றை வீட்டில் வைத்திருக்கவே கூடாது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். அவசரமானால் 999 எண்ணை அழையுங்கள். சுகாதார அமைச்சு 2022-ஆம் ஆண்டில் தொடங்கிய ‘ஹீல்’ தொலைபேசிச் சேவையின் எண் 15555. கோலாலம்பூரில் 1970-ஆம் ஆண்டு முதல் தொண்டாற்றி வரும் ‘பிஃபிரெண்டர்ஸ்’ அமைப்பினர் 03-7627 2929 என்னும் எண்ணில் இரவும் பகலும் செவிமடுக்கின்றனர்.

முன்பு தற்கொலைக்கு முயன்றவருக்குச் சிறைத் தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமிருந்தது. குற்றவியல் சட்டத்தின் 309-ஆம் பிரிவான அதனை நாடாளுமன்றம் 2023-ஆம் ஆண்டில் நீக்கியது. போலீசுக்கு அஞ்சி உண்மையை மறைக்க வேண்டிய நிலை இன்று இல்லை.

நால்வரில் முதல்வர்

திருக்குறளில் ‘மருந்து’ என்னும் அதிகாரத்தில், மருத்துவம் நான்கு பகுதிகளை உடையது என்று வள்ளுவர் கூறுகிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் ஆகிய அந்நால்வகையில் அவர் முதலில் வைத்தது நோயாளியைத்தான். மற்ற மூன்றும் நாட்டில் இருக்கின்றன. ஆனால் நோயாளி வாய் திறவாதவரை அவை மூன்றும் காத்துக் கொண்டே இருக்க நேரிடும்.

நாம் கற்பனை செய்த அந்த அம்மையாருக்கு மருத்துவர் வீடு கட்டித் தரமாட்டார். அவருடைய கணவரின் ஓய்வையும் தள்ளிப் போடமாட்டார். ஆனால் உறங்கி எழுந்து, உண்டு, தெளிந்த மனத்தோடு அவர் தொழிற்சங்கத்திடம் பேசவும், சேமநிதிக் கணக்கைப் பார்க்கவும், பிள்ளைகளோடு கலந்து முடிவு செய்யவும் வேண்டிய வலிமையை மருத்துவம் மீட்டுத் தரும். துன்பம் அப்படியே இருந்தாலும் அதை எதிர்கொள்ளும் மனிதர் மாறியிருப்பார்.

ஆகவே, அடுத்த முறை மருத்துவர் “உடம்புக்கு என்ன?” என்று கேட்கும்போது, “உடம்பு மட்டும் இல்லை டாக்டர், மனமும் சரியாக இல்லை” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உங்களைக் காக்கலாம். உங்களை நம்பியிருக்கும் குடும்பத்தையும் காக்கலாம்.